பதில் வராவிட்டால் மைனஸ் ஒன்று

வேண்டாம் என்று சொல்வதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. எங்கள் கம்பெனியில் நான் ஆறு வருடங்களாகச் செய்த வேலையில் பாதிக்கு மேல் அதுதான். யாராவது வந்து, எங்கள் நிரல்மொழியில் இது இல்லை, அது இல்லை, சேர்த்தால் என்ன என்று கேட்பார்கள். நான் காரணத்தோடு வேண்டாம் என்று எழுதுவேன். என் பிறந்தநாள் ஒன்றுக்கு உடன் வேலை செய்பவர்கள் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ‘வேண்டாம்’ என்று அச்சடித்த காப்பிக் கோப்பை ஒன்றைக் கொடுத்தார்கள். கிண்டலுக்குத்தான். நான் அதைப் பட்டம் கொடுத்தது போல வாங்கி, மேஜையில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்துக்கொண்டேன்.

எங்கள் மொழி ஊருக்கெல்லாம் தெரிந்த மொழி இல்லை. தொழிற்சாலைகளில் சென்சார்கள் சொல்வதைக் கேட்டு விளக்கை எரிய விடவும் மோட்டாரை நிறுத்தவும் விதிகள் எழுதுவதற்கென்று, பெங்களூரில் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் நாங்கள் சிலர் உட்கார்ந்து செய்த சின்ன மொழி. இத்தனை டிகிரிக்கு மேல் போனால் சிவப்பு, குறைவாக இருந்தால் பச்சை. இவ்வளவுதான் அதில் எழுதுவார்கள். இன்ஜினியரிங் படிக்காதவர்கள்கூட ஒரே வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். மொழி முழுவதையும் ஒரு தாளின் இரண்டு பக்கத்தில் அடக்கி எழுதியிருந்தேன். மூன்றாவது பக்கம் என்று ஒன்று வரவே கூடாது என்பதில் எனக்குக் கிட்டத்தட்ட ஒரு வெறி.

மொழியில் எதையாவது சேர்க்க வேண்டுமென்றால் அதற்கு இணையத்தில் ஒரு விவாதப் பக்கம் உண்டு. எங்கள் மொழியைப் பயன்படுத்தும் எந்தத் தொழிற்சாலைக்காரரும் அதில் கோரிக்கை எழுதலாம். மொழிக்குப் பொறுப்பாளர்கள் நாங்கள் நான்கு பேர். நால்வரில் ஒருவர் காரணம் காட்டி வேண்டாம் என்று எழுதினாலே போதும், கோரிக்கை அத்தோடு மூடப்படும். ஒன்றைச் சேர்த்துவிட்டால் பிறகு எடுக்க முடியாது, அதை நம்பி எங்கெங்கோ விதிகள் எழுதியிருப்பார்கள் என்பதால் நாங்களே வைத்துக்கொண்ட வழக்கம் அது. இன்றைக்கு யோசித்தாலும் நல்ல வழக்கமாகத்தான் தெரிகிறது. அதை அதிகம் பயன்படுத்தியவள் நான்.

பெங்களூரின் விளிம்பில் இருக்கும் ஹெப்பகோடியிலிருந்து ஒரு கோரிக்கை வந்தது. உலோகச் சாமான்களுக்கு முலாம் பூசும் ஒரு தொழிற்சாலையின் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன் எழுதியிருந்தார். ஆங்கிலத்தில், எல்லாம் பெரிய எழுத்தில், ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லாமல். நான் அதைப் பக்கத்து மேஜைக்காரர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிச் சிரித்தேன். எழுதியது புரியாததால் அவரை வீடியோ மீட்டிங்குக்குக் கூப்பிட்டோம்.

போனைக் கையில் பிடித்தபடி ஒரு தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பேசினார். நாற்பது வயதிருக்கும். பின்னால் பம்பு சத்தம். கன்னடத்தில் தொடங்கினார். இடையில் அங்கே யாரையோ பார்த்துத் தமிழில் ஏதோ அதட்டினார். “நீங்க தமிழா?” என்று கேட்டேன். “ஸ்ரீராம்புரம் மேடம்” என்றார். நான் மல்லேஸ்வரம் என்றதும், “அப்ப பக்கத்துலதான கீறீங்க” என்று சிரித்தார். பக்கம்தான், மெட்ரோவில் ஒரே ஒரு நிறுத்தம். எங்கள் குடும்பம் அங்கே வந்து மூன்று தலைமுறை ஆகிறது. தாத்தா காலத்தில் சர்க்கார் உத்தியோகம், இப்போது எல்லோரும் கம்ப்யூட்டர். நான் ஸ்ரீராம்புரத்துக்குள் கால் வைத்தது அதுவரை இரண்டு முறையோ மூன்று முறையோதான்.

அவர் சொன்னது இதுதான். அந்தத் தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டிகளில் விஷவாயு சேரும். தொட்டிக்குள் ஒரு சென்சார், வெளியே, தொட்டியின் வாயருகே ஒரு விளக்கு. சுத்தம் செய்ய இறங்குபவர்கள் பச்சை எரிந்தால்தான் இறங்குவார்கள்.

“மேடம், உள்ள கேஸே இல்லன்னாலும் சைபர் காட்டுது. சென்சார் செத்துப்போயி பதிலே வரலன்னாலும் சைபர்தான் காட்டுது. ரெண்டுக்கும் பச்ச லைட்டுதான் எரியுது. எறங்குறவனுக்கு இன்னா தெரியும்?”

அது உண்மை. எங்கள் மொழியில் எந்த எண்ணுக்கும் மதிப்பு வராவிட்டால் அது பூஜ்யம் ஆகிவிடும். அப்படி வைத்தவள் நானேதான். ‘பதில் வரவில்லை’ என்று தனியாக ஒரு நிலை இருந்தால் மொழி சிக்கலாகும் என்று நினைத்தேன்.

“பதிலு வரலன்னா வரலன்னு சொல்லணும். அதோட, நான் அத பாக்காம ரூல் எழுதினா, டேய் இத மறந்துட்டன்னு அதுவே என்ன நிறுத்தணும். ஏத்துக்கவே கூடாது. அவ்ளோதான் மேடம் நான் கேக்கறது.”

படித்தவர்கள் பெரிய கட்டுரைகளாக எழுதும் விஷயத்தை அவர் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நான்கு வரியில் சொல்லிவிட்டார். அது எனக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்ததால்தான் எரிச்சல் வந்ததோ என்னவோ.

மறுநாள் விவாதப் பக்கத்தில் மூன்று பத்தி எழுதினேன். இப்படி ஒரு நிலையைச் சேர்த்தால் ஏற்கெனவே எழுதிய எல்லா விதிகளையும் திருத்த வேண்டியிருக்கும். புதிதாகக் கற்பவர்கள் குழம்புவார்கள். இதற்கு மொழியை மாற்றாமலே வழி உண்டு: பதில் வராவிட்டால் மைனஸ் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். வாயுவின் அளவு ஒருநாளும் மைனஸில் போகாது. ஒவ்வொரு விதியின் தொடக்கத்திலும் ‘மைனஸ் ஒன்று என்றால் சிவப்பு’ என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும். ஒரு வரிக்காக ஒரு மொழியை மாற்ற வேண்டியதில்லை. ஆகவே வேண்டாம்.

மைனஸ் ஒன்று எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. எண் கிடைக்காத இடத்தில் மைனஸ் ஒன்றைப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்ப்போம். கை அதுவாகவே அடித்துவிடும். கோவிலைக் கண்டால் கை கன்னத்தில் போட்டுக்கொள்வது போல.

எங்கள் நால்வரில் வயதில் சின்னவரான ஒரு பெண் மட்டும், “அந்த ஒரு வரியை யாராவது மறந்துவிட்டால்?” என்று கீழே எழுதினாள். நான் பதில் எழுதினேன்: “மறப்பவர்களுக்காக ஒரு மொழியைச் செய்ய முடியாது.” அதற்குப் பலர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். எழுதி முடித்ததும் நானே அதை இரண்டு முறை படித்து ரசித்தேன். கோரிக்கை மூடப்பட்டது. ஹெப்பகோடிக்காரர் கடைசியாக ஒரு வரி போட்டிருந்தார், மறுபடியும் பெரிய எழுத்தில்: சரி மேடம், நன்றி.

நான் சொன்னபடியே அவர் செய்தார். இதை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். முணுமுணுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அவர் என் யோசனையை எடுத்துக்கொண்டு அந்தத் தொழிற்சாலையில் இருந்த ஒவ்வொரு சென்சாரையும் பதில் வராவிட்டால் மைனஸ் ஒன்று தரும்படி மாற்றி, அறுபதுக்கு மேற்பட்ட விதிகளைத் தனி ஆளாகத் திறந்து, ஒவ்வொன்றிலும் அந்த வரியைச் சேர்த்திருக்கிறார். வேலைக்கு நடுவே, ஒரு மாதத்துக்கு மேலாக.

ஒன்றரை வருடம் கழித்து அங்கே மூன்றாவதாக ஒரு தொட்டி கட்டினார்கள். அதற்கு அவர் புதிதாக விதி எழுதினார். அளவு பத்துக்குக் கீழே இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. முதல் வரியை எழுத மறந்துவிட்டார். சில மாதம் கழித்து சென்சாரின் ஒயரை எலி கடித்தது. பதில் நின்றது. மைனஸ் ஒன்று வந்தது. மைனஸ் ஒன்று பத்தைவிடச் சின்னது. பச்சை விளக்கு எரிந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை, சுத்தம் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டு உள்ளே இறங்கினார். டெக்னீஷியன்தான் சத்தம் கேட்டு ஓடிப்போய்க் கயிறு கட்டி வெளியே இழுத்தவர். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. இறந்தவருக்கு முப்பத்தைந்து வயது. அவரும் ஸ்ரீராம்புரம், டெக்னீஷியன் இருக்கும் அதே சந்து. வேலைக்குச் சொல்லிச் சேர்த்துவிட்டதும் டெக்னீஷியன்தான்.

எங்களுக்கு அன்று மதியமே தெரிந்துவிட்டது. தொழிற்சாலையிலிருந்து அந்த விதியை அனுப்பிப் பார்க்கச் சொன்னார்கள். மொத்தம் நான்கு வரி. என்ன நடந்தது என்று புரிய எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவர் கேட்டதை நாங்கள் சேர்த்திருந்தால் மொழி அந்த நான்கு வரியை ஏற்றே இருக்காது. அது எனக்கு அந்த நாற்காலியிலேயே தெரிந்தது. அப்போது எனக்கு வந்தது பயம். அழுகையோ வெட்கமோ வரவில்லை. என் பெயரில் இருந்த அந்த மூன்று பத்தியை யாரெல்லாம் படிப்பார்கள் என்றுதான் மனம் ஓடியது.

யாரும் படிக்கவில்லை. மறுநாளே பழைய விவாதப் பக்கங்களை வெளியாட்கள் பார்க்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள். எங்கள் கம்பெனி வக்கீல் சொன்னாராம்.

அந்த வாரம் டெக்னீஷியன் எனக்கு போன் செய்தார்.

“மேடம், விசாரணைக்கு உங்களையும் கூப்பிட்டுகிறாங்களாம். நான் வேற ஒண்ணும் கேக்கல. மறந்தது நான்தான், இல்லன்னு சொல்லல. ஆனா இத மாத்திக் குடுங்கன்னு நான் கேட்டேன்னு மட்டும் சொல்லுங்க. அது போதும். அந்தப் பக்கத்த தொறந்து காட்டலாம்னா இப்ப தொறக்கவே மாட்டேங்குது.”

“பாக்கறேன்” என்றேன். பார்க்கிறேன் என்றால் என்ன பொருள் என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

விசாரணை ஹெப்பகோடியில், தொழிற்சாலையின் மீட்டிங் அறையில் நடந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், தானாக எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள் என்று வக்கீல் காரிலேயே பாடம் எடுத்திருந்தார். டெக்னீஷியன் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: மொழி, அதை வடிவமைத்தபடி சரியாக வேலை செய்ததா? செய்தது என்றேன். வேறு ஏதாவது சொல்ல வேண்டியிருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். பொய் எதுவும் சொல்லவில்லையே என்று திரும்பும் வழியில் சில்க் போர்டு ஜங்ஷன் நெரிசலில் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பொய் சொல்லியிருந்தால் கூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது.

பிறகு எங்களுக்குள் விவாதம் மறுபடியும் தொடங்கியது. அந்தச் சின்னப் பெண் அதே கோரிக்கையைத் தன் பெயரில் எழுதினாள். இந்த முறை மொழியைப் பற்றி யாரும் பேசவே இல்லை. சிக்கலாகுமா, கற்பவர்கள் குழம்புவார்களா என்றெல்லாம் ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் கம்பெனித் தலைவர் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஈக பேடா மேடம்” என்றார், இப்போது வேண்டாம் என்று கன்னடத்தில், இரகசியம் சொல்வது போல. இப்போது சேர்த்தால் முன்பு குறை இருந்தது என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், விசாரணை முடியட்டும், ஒரு ‘வேண்டாம்’ போட்டு வையுங்கள் என்றார். போட்டேன். ‘நேரம் சரியில்லை’ என்று காரணம் எழுதினேன். அதற்குமுன் எழுதிய எல்லா ‘வேண்டாம்’களையும் நான் நம்பித்தான் எழுதினேன். இதை நம்பாமல் எழுதினேன். எழுதிய தினத்திலிருந்து அந்தப் பெண் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

விசாரணை முடிந்தது. டெக்னீஷியனின் கவனக்குறைவு என்று முடிவு. ‘என் கவனக்குறைவுதான்’ என்று அவரிடமே கையெழுத்து வாங்கி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அடுத்த வாரமே தலைவர் வந்து, இனி சேர்த்துவிடலாம் என்றார். நானே செய்கிறேன் என்று முன்வந்தேன். பிராயச்சித்தம் என்று நினைத்தேனோ, வேறு யாரும் தொடக் கூடாது என்று நினைத்தேனோ, இரண்டுமாகவும் இருக்கலாம். மூன்று வாரம் ஆனது. ஒரு மொழியையே புரட்டிப்போடும் என்று நான் எழுதிய மாற்றத்துக்கு மூன்று வாரம்.

முடித்த அன்று காலை, எல்லாத் தொழிற்சாலைகளிலிருந்தும் எங்களிடம் இருந்த விதிகளைப் புதிய மொழியில் போட்டுப் பார்த்தேன். பதில் வராத நிலையைக் கவனிக்காத விதிகளை அது பட்டியல் போட்டுக் கொடுத்தது. முதல் பக்கத்தோடு முடியும் என்று நினைத்தேன். திரையில் பட்டியல் ஓடிக்கொண்டே இருந்தது. மருந்துக் கம்பெனி, கார் உதிரிபாகக் கம்பெனி, பால் பதப்படுத்தும் இடம். எழுதியவர்கள் எல்லாம் இன்ஜினியர்கள், சிலர் வெளிநாட்டில் படித்தவர்கள். எல்லோரும் அந்த ஒரு வரியை எங்கேயாவது மறந்திருந்தார்கள். அறுபதில் ஒன்றை மறந்த ஹெப்பகோடிக்காரர்தான் அவர்களில் கெட்டிக்காரர். பட்டியலின் நடுவே என் பெயர் இருந்தது. இரண்டு இடத்தில். வாடிக்கையாளர்களுக்கு நான் என் கையால் எழுதிக் கொடுத்த விதிகள், அந்த மூன்று பத்தியை எழுதிய பிறகு எழுதியவை.

விசாரணைக் குழுவுக்கு உடனே ஒரு கடிதம் எழுதிப் பட்டியலையும் சேர்த்து அனுப்பினேன். மதியத்துக்குள் எங்கள் வக்கீலிடமிருந்து பதில் வந்துவிட்டது: விசாரணை முடிந்துபோனது, இனி இதைப் பற்றி யாரோடும் பேச வேண்டாம். லேப்டாப்பை மூடிவிட்டுப் பட்டியலை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டு மெட்ரோ ஏறினேன். ஸ்ரீராம்புரத்தில் இறங்கி மூன்று பேரிடம் வழி கேட்டுப் போனேன்.

அவர் சந்து முனையில் ஒரு சரக்கு ஆட்டோவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். இப்போது அதை ஓட்டுகிறாராம். என்னைப் பார்த்ததும் பக்கெட்டைக் கீழே வைத்தார், வாங்க என்று சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தாள்களை வாங்கி, ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகப் படித்தார்.

“இவங்கல்லாம் இன்ஜினியருங்களா மேடம்?”

“ஆமாம்.”

“உங்க பேரும் கீது.”

“ஆமாம்.”

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“எட்டு மாசமா நான்தான் அவன கொன்னேன்னு நெனச்சிக்கினு கீறேன்” என்றார். “அதோ, மூணாவது வீடு. டெய்லி அந்த வழியாதான் வண்டி எடுக்கறேன். அவன் சம்சாரம் என் மூஞ்சியக்கூட பாக்காது. பாக்காட்டி போவட்டும், அது சரிதான்னு இருந்தேன்.” தாள்களை மடித்து என்னிடமே நீட்டினார். “இத என்னாண்ட சொல்லி இன்னா பண்றது? அங்க வந்து சொல்லுங்க.”

போனோம். அவர் வாசலுக்கு வரவில்லை, எதிர்ச் சுவரோரம் நின்றுகொண்டார். கதவைத் திறந்த பெண் மாநகராட்சியில் தெருப் பெருக்கும் வேலை செய்பவர். வேலைக்கு மாட்டும் மேல்கோட்டை இன்னும் கழற்றவில்லை. யார் நீங்க என்று கேட்டார். சொன்னேன். உட்காரச் சொல்லாமல் கேட்டுக்கொண்டார்.

சென்சார், விதி, மைனஸ் ஒன்று எதையும் சொல்லவில்லை. “அன்னிக்கு அந்த லைட்டு பச்சையா எரிஞ்சதுக்கு இவர் காரணம் இல்லம்மா” என்றேன். “இந்த மாதிரி ஆகும்னு இவர் அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே சொன்னார். மாத்திக் குடுங்கன்னு எங்ககிட்ட கேட்டார். மாத்தியிருந்தா பச்சை லைட்டு எரிஞ்சிருக்காது. நான்தான் வேண்டாம்னு எழுதினேன்.”

அந்தப் பெண் தலையைத் திருப்பி எதிர்ச் சுவரோரம் நின்றவரைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

“ஏன் வேணான்னீங்க?”

இந்தக் கேள்விக்கு நான் மூன்று பத்தி எழுதியிருக்கிறேன். அதில் இருந்த ஒரு காரணமும் அந்த வாசலில் வாய்க்கு வரவில்லை. வந்தது ஒன்றே ஒன்றுதான், அதுதான் உண்மையும்.

“நாங்க எழுதற மொழி சின்னதா, அழகா இருக்கணும்னு நெனச்சேன்.”

“அதுக்கா?” என்று கேட்டார்.

“ஆமாம்” என்றேன்.